பழைய அலைச்சறுக்குப் பலகையில் பிழை எங்கே? அறிகுறி பார்த்துக் கண்டறியும் முறை

ஒக்டோபர் மாதத்தில் இலங்கையின் கிழக்கே அறுகம்பையின் உல்லைக் கரையில் அலைப்பருவம் முடிகிறபோது, வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களில் பலர் தாங்கள் கொண்டுவந்த பலகைகளை விமானத்தில் திரும்ப ஏற்றாமல் இங்கேயே குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பொத்துவில், கோமாரி, பாணமைப் பக்கத்து இளையவர்கள் பலருக்கு முதற்பலகை இப்படித்தான் கைக்கு வருகிறது. அது எத்தனை பருவம் ஓடியது, எத்தனை முறை பாறையில் மோதியது, உள்ளே நீர் குடித்திருக்கிறதா என்பவை வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை. வாங்கியவர் மறு ஏப்ரலில் கடலில் இறங்கி, அலை பிடிபடாமல் திணறி, தனக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார். என் வீட்டு விறாந்தையில் சில ஆண்டுகளாகப் பலகைகளைத் திருத்தி வருகிற எனக்கு இந்த முடிவு பெரும் வருத்தத்தைத் தருகிறது. பிழை ஆளிடத்தில் இல்லாமல் பலகையில் இருந்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன். பலகையில் ஒன்றும் இல்லாமல் ஆள் பலகைமேல் படுக்கும் நிலையில் மட்டும் இருந்ததையும் கண்டிருக்கிறேன். இரண்டையும் பிரித்தறிவதற்கே இந்த வழிமுறையை எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் பலகையை மதிப்பிடுவதற்கும் இதே வரிசை பயன்படும்.

எல்லாவற்றுக்கும் முன்: உள்ளே இருப்பது எந்த நுரை?

எந்த அறிகுறியைத் தொடுவதற்கும் முன்னர் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பலகையின் வயிற்றுக்குள் இருப்பது பொலியூரித்தேன் நுரையா, நாம் ரெஜிபோம் என்று சொல்லும் பொலிஸ்டைரீன் நுரையா? இது தெரியாமல் செய்யப்படும் திருத்தம் பலகையைக் கொன்றுவிடும்.

நான் வாங்கிய முதற்பலகையின் அடிப்பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஓர் உடைவு இருந்தது. எங்கள் கரையில் பைபர் படகு திருத்துவதில் பெயர்பெற்ற ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்தக் கரை முழுவதும் பைபர் படகுகள் பெருகியதால், ரெசினும் கண்ணாடி இழையும் கையாளத் தெரிந்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவரும் அக்கறையோடு, படகுக்குச் செய்வதைப் போலவே உடைவைச் சுத்தம் செய்து, ரெசினை ஊற்றி மூடினார். மறுநாள் காலையில் பார்த்தால் மேலே கல்லைப் போல இறுகிய ஒரு தோல் இருந்தது. அதன் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம். நுரை கரைந்து போயிருந்தது. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. படகுக்குச் சரியானது அந்தப் பலகைக்குச் சரியில்லை என்பது எங்கள் இருவருக்குமே அன்று தெரியவில்லை.

காரணம் இதுதான். படகுக்குப் பூசும் ரெசின் பொலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதைத் திரவமாக வைத்திருக்கும் ஸ்டைரீன் என்ற பொருள், பொலிஸ்டைரீன் நுரையைச் சீனியில் விழுந்த நீரைப் போல இளக்கிவிடும். வாகனத் தகரங்களுக்குப் பூசும் பில்லரும் பொலியெஸ்டர் வகையே. கடையில் சிறு குழாயில் கிடைக்கும் உடனடிப் பசையும் அந்த நுரையைத் தின்னும். எபொக்சி ரெசின் மட்டும் இரண்டு வகை நுரைக்கும் பொருந்தும். ஆகவே ஐயம் இருந்தால் எபொக்சியையே எடுக்க வேண்டும். விலை கூடினாலும் பலகை மிஞ்சும்.

எந்த நுரை என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. உடைவின் வழியே தெரியும் நுரை, மீன்பெட்டியில் காண்பதைப் போலச் சிறு உருண்டைகள் ஒட்டிய தோற்றத்தில் இருந்தால் அது ரெஜிபோம். மாவைப் போல நெருங்கி, உருண்டை எதுவும் தெரியாமல் இருந்தால் பெரும்பாலும் பொலியூரித்தேன். கைக்கு எதிர்பாராத அளவு இலேசாக இருக்கும் பலகை ரெஜிபோமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வெயிலில் மஞ்சளாகிய பழைய பலகை பொலியூரித்தேனாக இருக்கக்கூடும். கலிபோர்னியாவில் அமெரிக்கப் பலகைகளுக்கான நுரைக்கட்டிகளில் மிகப் பெரும் பங்கைச் செய்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பர் 5ஆம் திகதி திடீரென மூடப்பட்ட பின்னர்தான் பல கைவினைஞர்கள் ரெஜிபோம், எபொக்சிக் கூட்டுக்குத் திரும்பினார்கள். எனவே அதற்கு முற்பட்ட பலகை என்று உறுதியாகத் தெரிந்தால் பொலியூரித்தேன் என்று ஊகிப்பதற்கு நியாயம் உண்டு.

ஊகம் போதாது என்றால், உடைவிலிருந்து கடுகளவு நுரையைக் கிள்ளி எடுத்து, ஒரு சோடா மூடியில் இரண்டு துளி அசிற்றோன் விட்டு அதில் போடுங்கள். அசிற்றோன் கலந்த நகப்பூச்சு நீக்கியும் போதும். ரெஜிபோம் நொடியில் சுருங்கிப் பிசினாகும். பொலியூரித்தேன் அப்படியே கிடக்கும். இந்தச் சோதனையை மூடியில் மட்டுமே செய்ய வேண்டும். பலகையின் மேல் ஒரு துளியும் விழக் கூடாது.

அறிகுறி: பலகை முன்பைவிடக் கனக்கிறது, அல்லது கரையேறிய பின் எங்கிருந்தோ நீர் சொட்டுகிறது

நான் பார்க்கும் பிழைகளில் அதிகமானது இதுதான், பிற பிழைகள் பலவற்றுக்குத் தாயும் இதுதான். மேல்தோலில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் போதும். கரையில் வெயிலில் கிடந்து சூடேறிய பலகைக்குள் காற்று விரிந்திருக்கும்; அதைக் கடலில் இறக்கியதும் காற்றுக் குளிர்ந்து சுருங்கி, வெடிப்பின் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகை தானே நீரை உறிஞ்சிக் குடிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. பொலியூரித்தேன் நுரையில் இந்த நீர் பெரும்பாலும் உடைந்த இடத்தைச் சுற்றியே தங்கி, அங்கே பழுப்புக் கறையாகத் தெரியும். ரெஜிபோமில் உருண்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளின் வழியே நீர் நடந்து செல்லும். நோஸ் எனும் முன்முனைப் பக்கத்தில் நுழைந்த நீர் டெயில் எனும் பின்முனையில் தேங்கி நிற்கலாம்.

முதலில் நிறுத்துப் பாருங்கள். மீன் நிறுக்கும் தொங்கு தராசு எங்கள் வீடுகளில் அரிதான பொருள் அல்ல. ஆறடிக் குறும்பலகை ஏறத்தாழ 2.5 முதல் 3.5 கிலோ வரையும், ஒன்பதடி நெடும்பலகை 6 முதல் 8 கிலோ வரையும் இருப்பது வழமை. இதைவிடத் தெளிவாகக் கூடினால், முன்பு செய்த திருத்தங்களின் ரெசின் கனமா, நீரா என்று பார்க்க வேண்டும். பலகையைக் காதருகே பிடித்து மெதுவாகச் சரித்தால் சில வேளைகளில் உள்ளே நீர் ஓடும் ஒலி கேட்கும்.

வெடிப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், கால் வழுக்காமல் இருக்க மேலே பூசிய வேக்ஸ் எனும் மெழுகு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, நிழலில் குளிர்ந்து கிடந்த பலகைமீது சவர்க்கார நுரையைப் பூசிச் சில நிமிடங்கள் மட்டும் வெயிலில் வையுங்கள். உள்ளே விரியும் காற்று வெடிப்பின் வழியே வெளியேறி அங்கே குமிழி விடும். ஃபின் எனும் அடிச்செதில்களைப் பொருத்தும் குழிகளின் விளிம்பு, பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் எனும் வாரைக் கட்டும் கிண்ணத்தின் விளிம்பு, டெயிலின் கூர்முனைகள் ஆகிய மூன்றையும் தவறாமல் பாருங்கள். நோஸ் உடைவை எல்லோரும் பார்க்கிறார்கள். கிண்ணத்து விளிம்பை எவரும் பார்ப்பதில்லை.

உலர்த்துவதில் பொறுமை வேண்டும். வெடிப்பு கீழ்நோக்கி இருக்குமாறு பலகையை நிழலில், காற்றோடும் இடத்தில் சாய்த்து வைக்க வேண்டும். தரையிலிருந்து வரும் எங்கள் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது இந்த வேலைக்கென்றே வந்ததைப் போல உதவும். வாடைக்காலத்தில் எதுவும் இலேசில் உலராது. நாளும் அதே தராசில் நிறுத்து எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாள்கள் எடை குறையாமல் நின்றால்தான் உலர்ந்தது என்று கொள்ளலாம். ரெஜிபோம் பலகைக்கு இது வாரக்கணக்கில் எடுக்கும். விரைவாக உலரட்டும் என்று வெயிலில் போடுவது அடுத்த அறிகுறியை வரவழைக்கும்.

மூடும்போது, உடைவைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் சாண்ட் பேப்பரால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, குழியை ரெசினில் குழைத்த நுண்குமிழித் தூளால் நிரப்பி, மேலே கண்ணாடி இழைத் துணியை வைத்து ரெசின் பூச வேண்டும். படகுக்குப் பயன்படுத்தும் மாட் எனும் நறுக்கிழை விரிப்பு இங்கே வேண்டாம். நறுக்கிய இழைகளை ஒட்டவைத்திருக்கும் பிசின் ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எபொக்சியில் அது நன்றாக இளகாமல் விறைத்து நிற்கும். 4 அல்லது 6 அவுன்ஸ் நெய்த துணியே பலகைக்கு உரியது. பொலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. எங்கள் வெப்பத்தில் ஒன்றையொட்டி நின்றாலே போதும். எபொக்சியில் இந்தச் சுதந்திரம் இல்லை. புட்டியில் எழுதியுள்ள விகிதத்தில் துளியும் மாற்றக் கூடாது; ஹார்ட்னரைக் கூட்டினால் விரைவாக இறுகும் என்று நினைத்தவர்களின் ஒட்டு பல நாள் கழித்தும் பிசுபிசுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பொலியெஸ்டருக்கான ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது. கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது எழும் இழைத்தூளுக்கு முகக்கவசமும், கைக்கு உறையும் வேண்டும். சிறுவர்கள் அருகில் இருக்கக் கூடாது.

பயணிகள் விட்டுச் செல்லும் பொருள்களில், வெயில் பட்டு இறுகும் குழாய் ரெசின் சில வேளைகளில் கிடைக்கும். நிழலில் பூசி, சமப்படுத்தி, பிறகு வெயிலுக்குக் கொண்டுபோனால் சில நிமிடங்களில் இறுகிவிடும். சிறு வெடிப்புக்கு அது அருமையான பொருள். ஆனால் அதிலும் இரு வகை உண்டு. ரெஜிபோமுக்கு ஏற்ற எபொக்சி வகைதானா என்று குழாயின் மேலே வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: மேல்தளத்தை அழுத்தினால் தோல் உள்ளே போய் மீண்டும் எழும்புகிறது

இழைத்தோல் நுரையை விட்டுக் கழன்றிருக்கிறது. வெப்பமே முதற்காரணம். ஆட்டோவின் கூரையில் கட்டி நடுப்பகலில் அக்கரைப்பற்று வரை கொண்டுபோனாலோ, மூடிய காருக்குள் விட்டாலோ, கடுநிறம் பூசிய பலகையை மணலில் படுக்கவைத்தாலோ இது நேரும். உள்ளே தங்கிய நீர் சூடேறி ஆவியாகித் தோலைத் தூக்குவது இரண்டாவது காரணம்.

குதிக்கால் பதிந்த மேலோட்டமான பள்ளங்களை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை நின்று ஓடிய பலகை ஒவ்வொன்றிலும் இருக்கும். வெடிப்பு இல்லாதவரை அவை பிழையல்ல. வேறுபாட்டை விரலால் அறியலாம். பள்ளம் அழுத்தினாலும் அசையாது. கழன்ற தோல் அசையும், நகத்தால் தட்டினால் வெற்று ஒலி தரும். முன்கால் நிற்கும் இடத்தில் உள்ளங்கையைவிடப் பெரிதாகக் கழன்றிருந்தால் அந்தப் பலகையை வாங்காதீர்கள். சிறிதாக இருந்தால் இரண்டு துளைகள் இட்டு, ஒன்றில் எபொக்சியை ஊசியால் ஏற்றி, மற்றதன் வழியே காற்றை வெளியேற்றி, மேலே பிளாஸ்ரிக் தாள் விரித்துப் பாரம் வைத்து இறுகவிடலாம்.

மஞ்சள் நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது வெயிலின் வேலை, அவ்வளவுதான். பழுப்புக் கறைதான் நீரின் அடையாளம்.

அறிகுறி: பலகையின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது

தச்சர் மரத்தின் நேரைப் பார்ப்பதைப் போல, டெயிலைக் கண்ணருகே வைத்து, பலகையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மெல்லிய மரப்பட்டையான நடுமரத்தின் வழியே நோஸை நோக்குங்கள். மேல்தளத்திலும் அடித்தளத்திலும் ஒரே இடத்தில் சுருக்கம் இருந்தால், பலகை ஒரு முறை மடங்கியிருக்கிறது; நடுமரமும் முறிந்திருக்கக்கூடும். குறுக்கே தீட்டிய வண்ணப் பட்டை அழகுக்காக இருக்கலாம், மடிப்பை மறைக்கவும் இருக்கலாம். ஆகவே பட்டையின் மேல் விரலை ஓட்டி மேடு தட்டுகிறதா என்று பாருங்கள்.

முறுக்கும் கவனிக்கத்தக்கது. நோஸ் அருகே ஒரு நேர்க்கம்பையும் டெயில் அருகே ஒன்றையும் குறுக்காக வைத்து, பின்னாலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லாவிட்டால் பலகை முறுகியிருக்கிறது. இதற்குத் திருத்தம் கிடையாது.

அறிகுறி: கைகளால் எவ்வளவு துடுப்பிட்டாலும் அலை பிடிபடவில்லை

இங்கேதான் இளையவர்கள் தங்களைத் தாங்களே அதிகம் நொந்துகொள்கிறார்கள். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பலகையின் கொள்ளளவை லீற்றரில் சொல்வார்கள். பெரும்பாலும் அடிப்பக்கத்தில் நடுமரத்தை ஒட்டி நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றோடு அதுவும் எழுதப்பட்டிருக்கும். கடல்நீரில் ஒரு லீற்றர் ஏறத்தாழ 1.025 கிலோ. 28 லீற்றர் பலகை முழுவதும் மூழ்கினால்கூட நீர் அதனை ஏறத்தாழ 29 கிலோ அளவுக்கே மேலே தள்ளும். அதில் பலகையின் சொந்த எடை மூன்று கிலோவைக் கழித்தால் மிஞ்சுவது 26. மனித உடல் தானும் பெருமளவு மிதப்பதால் இது தேர்ந்த ஒருவருக்குப் போதும். அவருடைய கைவலிமையும் அலை கிளம்பும் நேரத்தை அறிந்த கண்ணும் மீதியை ஈடுசெய்யும். பழகுபவருக்கு அந்த ஈடு இல்லை. அவருக்குத் தன் உடல் எடை எத்தனை கிலோவோ அத்தனை லீற்றராவது வேண்டும், கூடினாலும் நல்லதே. 55 கிலோ எடையுள்ள ஒருவர் 55 லீற்றருக்குக் குறைந்த பலகையில் தொடங்கினால் ஆறு மாதத்தில் கற்பதை இரண்டு ஆண்டில் கற்க நேரிடும் என்பது என் கணிப்பு.

பயணிகள் விட்டுப் போகும் பலகைகளில் பல, தேர்ந்தவர்கள் ஓடும் குறும்பலகைகள். அழகாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும், பழகுபவருக்கு உதவாது. அறுகம்பையில் 2018ஆம் ஆண்டு பெண்கள் தங்களுக்கென அலைச்சறுக்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கிய பின்னர் எங்கள் ஊர்த் தங்கைமார் பலர் கற்க முன்வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு, சின்ன ஆளுக்குச் சின்னப் பலகை என்று சொல்லி யாரோ ஐந்தரை அடிப் பலகையைக் கொடுத்துவிடுகிறார்கள். எடை குறைந்தவருக்கும் பழகும் காலத்தில் ஏழு, எட்டு அடி நீளமே ஏற்றது. நீளம்தான் துடுப்பிடும்போது வேகம் தருகிறது.

கொள்ளளவு சரியாக இருந்தும் அலை பிடிபடாவிட்டால் படுக்கும் இடத்தைப் பாருங்கள். அசையாத நீரில் படுத்திருக்கும்போது நோஸின் நுனி நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே நிற்க வேண்டும். அதற்கு மேல் தூக்கி நின்றால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள். டெயில் நீரில் இழுபட்டுத் தடை போடுகிறது. சரியான இடத்தில் படுத்தும் நோஸ் ஒரு பருவத்துக்கு முன் நின்ற உயரத்தில் நிற்கவில்லை என்றால், முன்னே சொன்ன தராசை மீண்டும் எடுக்க வேண்டும். உள்ளே புகுந்த ஒவ்வொரு லீற்றர் நீரும் ஒரு கிலோ மிதப்பைத் திருடுகிறது.

இன்னொரு காரணம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசி அலையின் முகத்தைக் கண்ணாடியைப் போல ஆக்கித் தருகிறது. அதே காற்று அலை உச்சியில் நிற்கும் பலகையின் அடியில் புகுந்து பின்னுக்குத் தள்ளவும் செய்யும். இலேசான ரெஜிபோம் பலகையை அது எளிதில் பிடித்து நிறுத்திவிடும். கனமான பொலியூரித்தேன் பலகை அந்த நேரத்தில் உறுதியாகக் கீழிறங்கும். காற்று வலுத்த நாளில் மட்டும் அலை தப்புகிறது என்றால் பலகையில் பிழையில்லை. மார்பைத் தாழ்த்தி, இன்னும் இரண்டு வீச்சுத் துடுப்பிட்டுவிட்டு எழும்புங்கள்.

அறிகுறி: எழும்பியதும் நோஸ் நீருக்குள் குத்துகிறது

முன்னால் அதிகம் படுத்திருப்பது, பிந்தி எழும்புவது, நோஸின் வளைவு குறைவாக இருப்பது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றாவதை மட்டுமே பலகையின் மேல் சுமத்தலாம். சமதளத்தில் அடிப்பக்கம் கீழாக வைத்து நோஸ் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று இன்னொரு பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவு குறைந்த பலகை எங்கள் கரையில் பேபி பொயின்ட் என்ற இடத்தின் மெதுவான அலையில் சுகமாக ஓடும். மெயின் பொயின்ட்டில் அலை செங்குத்தாக எழும் நாளில் குத்தும். பலகையை விற்பதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: திரும்பும்போது டெயில் வழுக்கிப் போகிறது, அல்லது அடியில் ரீங்காரம் கேட்கிறது

ஃபின்களைக் கழற்றி மீண்டும் பூட்டியவர் இடம் மாற்றிப் பூட்டியிருப்பதே நான் அதிகம் காணும் காரணம். மூன்று ஃபின் அமைப்பை அவுஸ்திரேலியரான சைமன் அண்டர்சன் 1980இல் உருவாக்கி, 1981இல் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் அதனைக் கொண்டே வென்ற பிறகு அதுவே உலகெங்கும் பரவியது. அதில் நடு ஃபின்னின் இரு முகமும் ஒரே மாதிரி வளைந்திருக்கும். பக்க ஃபின்களுக்கு ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் வளைந்தும் இருக்கும். தட்டை முகம் உள்ளே நடுமரத்தை நோக்க வேண்டும், சாய்வின் நுனி டெயிலை நோக்க வேண்டும். இடம் வலம் மாறினால் பலகை நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது, திருப்பத்தில் கைவிடும்.

அடுத்து, ஃபின்னின் நுனியை இரு விரலால் பிடித்து அசையுங்கள். குழிக்குள் ஃபின் மட்டும் ஆடினால் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. குழியில் சேர்ந்த மணலை நன்னீரால் கழுவிவிட்டு அலன் கீயால் இறுக்குங்கள், ஆனால் வலிந்து திருகினால் குழியின் புரி போய்விடும். ஃபின்னோடு குழியும் சேர்ந்து ஆடினால் அது வேறு பிழை. குழியைச் சுற்றியுள்ள ரெசின் வெடித்து, அங்கே நீரும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எங்கள் பக்கத்து அலைகள், மெயின் பொயின்ட் முதல் விஸ்கி பொயின்ட், பொத்துவில் பொயின்ட், உகந்தை வரை, வலப்பக்கமாக உடைபவை. அலையில் ஓடும்போது பலகையின் வலது ஓரமும் வலது ஃபின்னுமே அலைமுகத்தில் புதைந்து பாரத்தைச் சுமக்கின்றன. ஆகையால் இந்தக் கரையில் பல பருவம் ஓடிய பலகையை வாங்குபவர், வலப்பக்க ஃபின் குழியை இடப்பக்கத்தைவிட இரு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

ரீங்காரத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஃபின்னின் பின்விளிம்பில் விழுந்த சிறு வெட்டுத்தான். மெல்லிய சாண்ட் பேப்பரால் அந்த விளிம்பை ஒரே சீராக்கினால் ஒலி நின்றுவிடும்.

அறிகுறி: கால் வழுக்குகிறது

கடல்நீர் 27, 28 பாகை வெப்பத்தில் இருக்கும் கரைக்கு வெப்பவலய வேக்ஸே ஏற்றது. குளிர்நாட்டிலிருந்து பலகையோடு வந்த வேக்ஸ் இங்கே உருகிக் குழம்பாகும். முழுவதையும் சுரண்டிவிட்டு முதலில் கடினமான அடிவேக்ஸைப் பூசுங்கள். உடம்பில் தேய்த்த தேங்காயெண்ணெயும் வெயில் காப்புப் பூச்சும் மார்பிலிருந்து பலகைக்கு இறங்கினாலும் கால் நிற்காது.

அறிகுறி: டெயில் ஓரத்தில் கத்தியால் வெட்டியதைப் போல ஒரு பிளவு

லீஷைப் பலகையோடு இணைக்கும் சிறு கயிறு நீளமாகக் கட்டப்பட்டிருக்கிறது. விழும் ஒவ்வொரு முறையும் அது டெயில் ஓரத்தை அறுக்கிறது. அகலமான துணிப்பட்டை மட்டுமே ஓரத்தைத் தொடுமாறு கயிற்றைக் குறுக்கிக் கட்டுங்கள். லீஷின் நீளம் பலகையின் நீளத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அதில் நகத்தால் தடவும்போது ஒரு கீறல் தட்டினாலும், சுழலும் மூட்டில் துரு தெரிந்தாலும், அதை மாற்றிவிட்டுத்தான் மெயின் பொயின்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே அறுபட்ட லீஷ் உங்கள் பலகையைப் பாறையில் சேர்க்கும். அல்லது உங்களுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையின் முகத்தில் சேர்க்கும்.

அறிகுறி: வாடைக்காலம் முழுவதும் சும்மா கிடந்த பலகை ஏப்ரலில் வேறு மாதிரி இருக்கிறது

நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையின் ஈரத்தில், சிறு வெடிப்போடு உறைக்குள் அடைத்து வைத்த பலகை மெதுவாகக் கெட்டுப்போகும். உறையில் போடுவதற்கு முன் நன்னீரால் கழுவி, ஃபின்களைக் கழற்றி, வெடிப்புகளை மூடி, உறையின் வாயைச் சற்றுத் திறந்து வையுங்கள். சில ரெஜிபோம் பலகைகளில் காற்றுப் போகத் திருகும் சிறு அடைப்பு ஒன்று இருக்கும். வைத்திருக்கும் காலத்தில் அதைத் தளர்த்தி, கடலில் இறங்கும் முன் இறுக்க வேண்டும். கடைசியாக ஒரு முறை நிறுத்து, அந்த எடையையும் திகதியையும் பென்சிலால் ஓர் ஒட்டுத்தாளில் எழுதி உறையின் உள்ளே ஒட்டிவிடுங்கள். ஏப்ரலில் முதல் அலைக்குப் போகும் காலையில் மீண்டும் அதே தராசில் தூக்கிப் பாருங்கள். அரைக் கிலோ கூடியிருந்தாலும் அன்று கடலில் இறங்காமல் சவர்க்கார நுரையைக் கையில் எடுங்கள்.